மெஷினுக்கு வைத்த பொட்டு

என் மகளுக்குப் பத்தொன்பது வயது. வாயால் ஒரு சொல்லும் பேசியதில்லை. ஆனால் யாராவது அவளைப் பேசாத பிள்ளை என்று சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும், ஏனென்றால் அவள் பேசுகிறாள். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட ஒரு பழைய கைக்கணினியில், படங்களைக் குச்சியால் தொட்டுத் தொட்டுப் பதின்மூன்று வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறாள். சோற்றுப் படத்தைத் தொட்டால் "சோறு" என்று என் குரல் சொல்லும். முகம் சுளித்த படத்தைத் தொட்டால் "கோவம்" என்று சொல்லும். அதை அவள் தொடுவது கொஞ்சநஞ்சமல்ல.

அந்தக் கைக்கணினியை எங்கள் வீட்டில் மெஷின் என்றுதான் சொல்வோம். இரத்தினபுரியில் இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வகுப்பு நடந்தபோது, அதை நடத்திய வெளிநாட்டு அம்மா தான் பாவித்ததை எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அப்போதே அது பழசு. பேசுகிற புரோகிராமை அந்த மண்டபத்து வைஃபையில் அவரே போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்த மெஷினுக்கு வைஃபை தேவைப்பட்டதே இல்லை. சொற்களை நான் நேராக அதிலேயே பதிந்தேன். நான் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பள்ளி விட்டு வந்து, அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு, ஒரு நாளைக்கு மூன்று சொல், நான்கு சொல் என்று பதிந்து பதிந்து நானூற்றுச் சொச்சம் சேர்ந்தது. "தண்ணி" என்ற சொல்லுக்குப் பின்னால் ஸ்டோர் சங்கு, தேயிலைத் தொழிற்சாலையின் சங்கு, ஊதும். "தூக்கம்" என்ற சொல்லில் என் கணவர் இருமுவார். திருப்பிப் பதியலாம் என்று ஒருமுறை அந்த இருமலை எடுத்துவிட்டேன். அவள் இரண்டு நாள் தூங்க மறுத்தாள். பழையதையே திரும்பப் போட்டேன்.

எல்லாமே தமிழும் அல்ல. நாங்கள் இருப்பது கலவானைக்கு மேலே. கீழே இறங்கினால் பஸ்ஸிலும் கடையிலும் சிங்களம்தான். ஆகவே பஸ் படத்துக்குப் பக்கத்தில் "பஹினவா" என்று ஒரு பொத்தான் வைத்தேன். இறங்கணும் என்பதற்குச் சிங்களம். எங்கள் இறக்கம் வந்தால் அவள் அதைத் தொடுவாள், என் குரல் "பஹினவா" என்று கத்தும், கண்டக்டர் மணி அடிப்பார். பஸ்ஸை நிறுத்தியது அவள். அந்த ஒரு சொல்லில் அவளுக்கு இருந்த பெருமையை நான் வேறெதிலும் பார்த்ததில்லை.

போன வருடம் அந்த மெஷினின் முதுகு புடைக்க ஆரம்பித்தது. பெட்டரி ஊதியிருந்தது. முழுதாகச் சார்ஜ் பண்ணினாலும் இருபது நிமிடம் நிற்கும், பிறகு திரை அணைந்துவிடும். கலவானையில் போன் திருத்துகிற முஸ்லிம் கடைக்காரரிடம், எல்லாரும் நானா என்று கூப்பிடுகிறவரிடம், கொண்டுபோனேன். கையில் வைத்து ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு மூடியைத் தொடக்கூட இல்லை.

"டீச்சர், இந்த மொடலுக்குக் கொழும்புலயும் பெட்டரி கெடைக்காது. இனி இதப் புள்ளட கழுத்துல போடாதீங்க. இன்னொருக்கா சார்ஜ் போட்டா, அதுதான் கடைசியா ஈக்கணும். அதுக்குள்ள உள்ளுக்கு ஈக்கிற சாமானை வேற ஒண்டுக்கு மாத்திக்கோங்க."

மாற்றுவதற்கு வேறொன்று தயாராக இருந்தது. கொழும்பில் வேலை செய்கிற என் தங்கை ஒரு புது டேப்லெட், எங்கள் பேச்சில் டெப், அனுப்பியிருந்தாள். அதே புரோகிராமின் புதுப் பதிப்பையும் அதில் போட்டிருந்தாள். தொல்லை என்னவென்றால், மெஷினில் கேபிள் குத்துகிற வாய் எப்போதோ உடைந்துபோயிருந்தது. சார்ஜுக்கு மட்டும் தனி ஓட்டை. மெமரி கார்ட்டிலும் ஏற்ற முடியாது, அந்தப் புரோகிராம் சொற்களை வைஃபை வழியாக மட்டும்தான் இன்னொரு கருவிக்குக் கொடுக்கும். இரண்டும் ஒரே வைஃபையில் சேர வேண்டும், அவ்வளவுதான்.

அவ்வளவுதானே என்று நானும் நினைத்தேன். கொரோனாக் காலத்தில் ஒரு ரூட்டர் வாங்கி, வகுப்பு முழுவதற்கும் போனில் பாடம் நடத்தியவள் நான். அந்தத் தலைக்கனம் எனக்கு உண்டு. மெஷினைச் சார்ஜில் போட்டபடியே திறந்தேன். வைஃபை ஒன்றும் இல்லை என்றது. ரூட்டரை அணைத்துப் போட்டேன். மெஷினை அணைத்துப் போட்டேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். என் போன் ரூட்டரைப் பார்க்கிறது, டெப் பார்க்கிறது, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற வீட்டுக்காரரின் போனும் பார்க்கிறது. இது மட்டும் பார்க்க மாட்டேன் என்றது.

என் கணவர் ஸ்டோரில், கொழுந்தை உருட்டுகிற ரோலர் பக்கம் வேலை செய்கிறார். எந்த மெஷினும் நின்றால் அவருக்கு ஒரே வைத்தியம்தான்.

"ஒரு தட்டு தட்டிப் பாரேன்."

"ஒங்க ரோலர் இல்லங்க இது. தள்ளிப் போங்க," என்று விரட்டினேன்.

பத்து நிமிடத்தில் முதுகு சுட ஆரம்பித்தது. பயந்து அணைத்துவிட்டேன். நானா சொன்ன கடைசிச் சார்ஜில் பத்து நிமிடத்தை என் கெட்டித்தனத்தில் தின்றாயிற்று. அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. நானூறு சொல்லையும் புதிதாகப் பதியலாம்தான். ஆனால் இருமல் இல்லாத தூக்கத்தையே ஏற்காதவள், எல்லாம் மாறிப்போன ஒரு பெட்டியை எப்படி ஏற்பாள்? மூன்று மாதமா, மூன்று வருடமா, யாருக்குத் தெரியும். அதுவரை அவளுக்கு வயிறு வலித்தால் எனக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் சனிக்கிழமை. மகளையும் கூட்டிக்கொண்டு நானா கடைக்குப் போனேன். மெஷின் என் பையில், துணியில் சுற்றியபடி. அவள் கழுத்தில் வெறும் கயிறு, அதைக் கழற்ற விடவில்லை. கலவானை வந்ததும் வழக்கம்போல அவள் கை நெஞ்சுப் பக்கம் போனது. அங்கே ஒன்றும் இல்லை. நான் அவசரத்தில் "பஹினவா" என்று கத்திவிட்டேன். ஓங்கி என் கையில் ஒரு அடி அடித்தாள். பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அது என் சொல் இல்லையே, அவளுடையது. அடித்தது நியாயம்தான்.

நானா ஒரு மண்சட்டியில் மணல் பரப்பி அதன் மேல் மெஷினை வைத்தார். சூடு ஏறினால் தெரிய வேண்டுமாம், தீப்பிடித்தாலும் மேசைக்குச் சேதம் வராதாம். சார்ஜரைக் குத்தினார். திரை வந்தது. மகள் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து என் சேலைத் தலைப்பைச் சுற்றிச் சுற்றி விரலில் இறுக்கிக்கொண்டிருந்தாள்.

முதலில் அவர் தேதியைப் பார்த்தார். பெட்டரி செத்துச் செத்துப் பிழைத்ததில் மெஷினின் நாட்காட்டி பல வருடம் பின்னால் போயிருந்தது. அதைச் சரிபண்ணினார். வைஃபை வரவில்லை.

"இவர் பழைய ஆள் டீச்சர். இப்ப வார ரூட்டர் எல்லாம் புதுப் பூட்டோட வருது. அந்தச் சாவி இவருக்குத் தெரியாது. பழைய ரூட்டர் ஒண்டு என்ட கிட்ட ஈக்குது, பொறுங்க."

தட்டு மேலிருந்து தூசு படிந்த ஒன்றை எடுத்து மாட்டினார். பாஸ்வேர்டே இல்லாமல் திறந்து விட்டார். என் போன் அதை உடனே பிடித்தது. மெஷின் பிடிக்கவில்லை. ரூட்டர் பேசுகிற சானலைக் கீழே இறக்கினார், மேல் சானலில் பேசினால் பழைய ஆட்களுக்குக் கேட்காது என்றார். அதுவும் பலிக்கவில்லை. நடுநடுவே சட்டியில் கை வைத்துப் பார்ப்பார். சுட்டால் அணைத்து, ஆறவிட்டு, மறுபடி போடுவார். இப்படியே இரண்டு மணி நேரம் போனது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போய்விடக்கூடாதே என்று தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன்.

மகள் என் கையை இழுத்தாள். நான் தட்டிவிட்டேன். மறுபடி இழுத்தாள். "கொஞ்சம் சும்மா இரும்மா," என்று சத்தம் போட்டேன். அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எதால் சொல்லுவாள்?

நானா நாற்காலியில் சாய்ந்து கண்ணாடியைக் கழற்றினார்.

"இன்னும் ஒரே ஒரு வழிதான் ஈக்குது. முழுசா ரீசெட் பண்ணிப் பாக்கலாம். வைஃபை வரலாம். ஆனா உள்ளுக்கு ஈக்கிற எல்லாம் அழிஞ்சி போகும்."

"அழிஞ்சி போறதுக்கு வைஃபை எதுக்கு நானா?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பையைத் திறந்து, மெஷினைச் சுற்றி வந்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன். போகலாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

அவர் மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி மெஷினைப் பார்த்தார்.

"டீச்சர், ஒண்டு கேட்டா கோவிக்க மாட்டீங்களே?"

"கேளுங்க."

"காலைல இருந்தே கேக்கணும் எண்டு ஈக்கிறன். இந்த மேல் ஓரத்துல சாமிப் பொட்டு ஒண்டு ஈக்குது. பக்கத்துல சந்தனமும் காஞ்சி போய் ஈக்குது. அதுக்குக் கீழ என்ன ஈக்குது எண்டு எனக்குத் தெரியாது. சாமிக்கு வெச்சத நான் எப்பிடித் தொடுற? அதான் மத்த எல்லாத்தையும் பாத்தன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

ஒவ்வொரு வருடமும் ஆயுத பூசைக்கு ஸ்டோரில் ரோலர் முதல் தராசு வரைக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். மீதியை என் கணவர் வாழையிலையில் மடித்து வீட்டுக்குக் கொண்டுவருவார். தையல் மெஷினுக்கு வைப்போம், தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்திக்கு வைப்போம். முதல் வருடமே அவர் கேட்டார்: "அத்தன மெஷினுக்கும் வைக்கிறோம், புள்ள பேசுற மெஷினுக்கு வேணாமா?" கேட்டது சரிதானே என்று நானும் அதைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்து, நெற்றி இருக்க வேண்டிய இடத்தில், மேல் ஓரத்தில் பொட்டு வைத்தேன். அங்கே கடுகளவு ஒரு குழி இருந்தது. பொட்டுக்கென்றே செய்த இடம் மாதிரி விரல் நுனி அதில் போய் உட்கார்ந்தது. அதன் பக்கத்தில் சந்தனத்தைத் தீற்றினேன். துடைத்தால் திரையை மட்டும் துடைப்பேன், பொட்டை யாராவது துடைப்பார்களா? அடுத்த வருடம் அதன் மேலேயே இன்னொன்று. இப்படிப் பதின்மூன்று பூசை.

நானா போனிலிருந்து சிம் எடுக்கிற ஊசியை என்னிடம் நீட்டினார். "நீங்களே எடுங்க டீச்சர். நான் தொடமாட்டன்."

நான் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சுரண்டினேன். குங்குமம் கட்டி கட்டியாகப் பெயர்ந்தது. குழிக்கு அடியில் ஒரு சின்னக் கண்ணாடி தெரிந்தது. அது ஒரு விளக்கு! அப்படி ஒரு விளக்கு அதில் இருப்பதே எனக்குத் தெரியாது. சந்தனத்தைச் சுரண்டினால் அங்கே நகத்தால் தள்ளுகிற ஒரு பொத்தான். போடுகிற பக்கத்தில்தான் இருப்பதுபோல் தெரிந்தது, ஆனால் கடைசி இடுக்கு முழுவதும் சந்தனம் கல்லாக இறுகி, போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு அது போய்ச் சேராமல் நின்றிருந்தது. வைஃபையைப் போடுகிற பொத்தானே அதுதான். எத்தனை வருடம் அப்படி நின்றதோ, யார் கண்டார். ஊசியால் கிண்டி, ஊதி, நகத்தால் தள்ளினேன். டிக் என்றது.

பச்சை விளக்கு எரிந்தது.

திரையில் நானாவின் ரூட்டர் வந்தது. அடுத்து பக்கத்து பேக்கரியின் ரூட்டர், மாடியில் இருக்கிற டியூஷன் வகுப்பின் ரூட்டர், வரிசையாக வந்துகொண்டே இருந்தன. நான் வாய்விட்டுச் சிரித்தேன். நானாவும் சிரித்தார், நான் சிரித்த பிறகுதான். காலையிலேயே கேட்டிருந்தால் இரண்டு மணி நேரம் மிச்சம். அவரைத் திட்டவும் மனம் வரவில்லை. என் சாமிக்காக அவ்வளவு பார்த்தவரை என்ன சொல்லித் திட்டுவது? என்னைத்தான் திட்டிக்கொண்டேன், என் கணவருக்கும் பாதியை ஒதுக்கி வைத்தேன். இந்த வருடப் பூசைக்கு டெப்பின் முதுகில் மட்டும்தான் பொட்டு என்று சட்டம் போட்டாயிற்று. அவர் குங்குமத்தோடு வந்தால் நான் பக்கத்திலேயே நின்றுகொள்வேன்.

சொற்கள் போக ஆரம்பித்தன. ஒரு கோடு மெல்ல மெல்ல நீண்டது. பாதியில் மெஷின் சுட்டது. நானா மேசை மின்விசிறியை இழுத்துச் சட்டிக்கு நேராகத் திருப்பினார். மழை கூரையில் கொட்டியது, விளக்கு இரண்டு தடவை மங்கியது. கரண்ட் போகவில்லை. கோடு கடைசிக்குப் போய் நின்றது. நானா உடனே சார்ஜரை உருவி, மெஷினை அணைத்து, சட்டியோடு தூக்கிக் கொல்லைப்புறம் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

டெப்பை மகளின் மடியில் வைத்தேன். அதே படங்கள், அதே வரிசை, கொஞ்சம் பெரிதாக. அவள் குச்சியை எடுத்துத் தொட்டாள். சத்தம் வரவில்லை. இன்னொரு படத்தைத் தொட்டாள். வரவில்லை. அழுத்திக் குத்தினாள். அவள் முகம் மாறியது. எல்லாம் வந்து, குரல் மட்டும் வராமல் போய்விட்டதா?

"குச்சி வாணாம் மகள். வெரல், வெரல்," என்று நானா தன் ஆள்காட்டி விரலைக் காட்டினார். புதுத் திரைக்கு விரல்தான் வேண்டும், பழைய குச்சியை அது மதிக்காது.

அவள் குச்சியை வைத்துவிட்டுத் தன் விரலைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு தொட்டாள்.

"அம்மா," என்றது என் குரல். பதின்மூன்று வருடத்துக்கு முந்திய குரல், இப்போது எனக்கு இல்லாத இளம் குரல். அடுத்து "கோவம்." மறுபடி "கோவம்." பிறகு "தேத்தண்ணி."

காலையில் இருந்து அவளுக்கு ஒரு வாய் தேத்தண்ணி கொடுக்கவில்லை. அதற்குத்தான் கையை இழுத்திருக்கிறாள். என் குரலிலேயே என்னைத் திட்டினாள். அப்போதுதான் நான் அழுதேன், நானா முன்னால், வெட்கமில்லாமல். அவ்வளவு நிம்மதி.

நானா பக்கத்துக் கடையிலிருந்து மூன்று பிளேன்டீ, பால் போடாத தேத்தண்ணி, வரவழைத்தார். சீனி தனியாக வந்தது. பல் டாக்டர் அவளுக்கு ஒரு கரண்டிக்கு மேல் கூடாது என்று சொல்லியிருந்தார். ஒன்று போட்டேன். "இன்னும்," என்றாள். போட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு எதுவும் நடக்கும் என்று தெரிந்துகொண்டு, "இன்னும்," என்றாள். அதையும் போட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து டெப்பை மடியில் வைத்து, ஒவ்வொரு சொல்லாகச் சரிபார்த்துக்கொண்டே வந்தாள். "தண்ணி"யில் சங்கு ஊதியது. "தூக்கம்" வந்தது, என் கணவர் இருமினார். தலையை ஆட்டிவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

எங்கள் இறக்கத்துக்கு முந்திய வளைவு வந்தது. எனக்கு அந்தச் சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் வழியே மழையைப் பார்த்தேன். வளைவு முடிந்தது. எங்கள் லய வீடுகளுக்குப் போகிற படிக்கட்டு தெரிந்தது.

"பஹினவா!"

முன்னால் நின்ற கண்டக்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையை உயர்த்தி மணியை அடித்தார். பஸ் நின்றது. அவள் முதலில் இறங்கினாள். நான் பின்னால் இறங்கினேன்.